பூட்டிய வீட்டில் காய்ந்த துணி

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அலுவலகத்தில் அது சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் பச்சை விளக்கு அக்கா. கண்காணிப்பு கேமரா விற்கும் கடையின் மாடியில், ஏசி ஒழுகும் இடத்தில் ஒரு வாளி, வாளிக்குப் பக்கத்தில் அக்காவின் மேசை. போனில் யார் கூப்பிட்டு என்ன கோளாறு சொன்னாலும், "பெட்டியில பச்சை விளக்கு எரியுதா பாருங்க" என்றுதான் ஆரம்பிப்பார். வீட்டில் குழம்பில் உப்பில்லை என்று சொன்னால்கூட முதலில் அதைத்தான் கேட்பார் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். அவர் கணவர் பேருந்து ஓட்டுகிறவர். அவரும் இதை மறுத்ததில்லை.

கேமரா பிடிக்கிற படத்தைச் சேர்த்து வைக்கும் ரெக்கார்டர் பெட்டி ஓர் ஊரில் இருக்கும். அதைப் போனில் பார்க்கிறவர் வேறோர் ஊரில் இருப்பார். நடுவே படம் நின்றுபோனால் இரண்டு பேருக்கும் இடையில் அக்கா. தம் வாழ்நாளில் அவர் ஒரு கேமராவைச் சுவரில் மாட்டியதில்லை, ஏணியில் கால் வைத்ததில்லை. எதிராளியின் திரையைப் பார்க்காமலே, "மேல மூணு கோடு இருக்கும், அதைத் தொடுங்க. இப்ப ஒரு பட்டியல் இறங்கியிருக்கும். நாலாவது வரி" என்று அவர்கள் விரலைப் பிடித்துக் கூட்டிப் போவார். பாதிப் பேர் வீட்டில் கோளாறு பெட்டியில் இருக்காது. பெருக்குகிறவர் துடைப்பத்தால் பிளக்கைத் தட்டிவிட்டிருப்பார், அல்லது மருமகன் போனுக்குச் சார்ஜ் போட அதைப் பிடுங்கியிருப்பார். பாஸ்வேர்டை மறந்தவர்களோ தாங்கள் மறக்கவே இல்லை, பெட்டிதான் தானாக மாற்றிக்கொண்டது என்று சாதிப்பார்கள். அக்கா யாரிடமும் மல்லுக்கு நிற்க மாட்டார். வந்த கோளாறை நேராக்காமல் விட்டதில்லை என்பதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்தக் கர்வத்தை ஆட்டிப் பார்த்தவர் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர். வீட்டைப் பூட்டிவிட்டு, கடல் கடந்து மகள் வீட்டுக்குப் போயிருந்தார். போகும் முன்பு பின்முற்றத்தில் ஒரு கேமரா மாட்டச் சொல்லியிருந்தார். ஆள் நடமாட்டம் கண்டால் அலறுகிற, தேவைப்பட்டால் நாமே அதன் வழியாகப் பேசுகிற வகை. ஊர் போய்ச் சேர்ந்து முதல் நாளே அக்காவுக்குப் போன் வந்தது.

"பூட்டின வீட்டுல யாரோ துணி காயப் போட்டிருக்காங்கம்மா."

அக்கா பார்க்கும் அனுமதியை வாங்கிக்கொண்டு தன் கணினியில் முற்றத்தைத் திறந்து பார்த்தார். மதில், தண்ணீர்த் தொட்டி, கொடி, கொடியில் இரண்டு பனியனும் ஒரு துண்டும். படம் தெளிவாக இருந்தது, இணைப்பைக் காட்டும் திரை ஓரத்துப் பச்சை விளக்கும் எரிந்தது.

"பக்கத்து வீட்டுல சாவி குடுத்திருக்கீங்களா டீச்சர்?"

"குடுத்திருக்கேன்."

"அப்ப அவங்கதான் காயப் போட்டிருப்பாங்க."

"கேட்டுட்டேன். இல்லைங்கறா. அவ என்னைக்கு உண்மை பேசினா? இல்லேன்னா எவனோ சுவரேறிக் குதிச்சு, உள்ள குடித்தனமே நடத்தறான்."

பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி டீச்சர் நிறையச் சொன்னார். அக்கா 'உம்' கொட்டியபடியே புகாரை முடித்து வைத்தார். படம் வருகிறது, சாவி இருக்கிறது, துணி காய்கிறது, இதில் என்ன கோளாறு. டீச்சர் விடுவதாக இல்லை. காலை எழுந்ததும் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்துத்தான் துணி கொடி ஏறும், இறங்கும்; ஆள் மட்டும் கண்ணில் படவில்லை. அந்தத் துணிக்காரனைக் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டாமல் ஓயப்போவதில்லை என்று அக்காவுக்குத் தினம் ஒரு போன். பரீட்சை அறையில் நடந்து பழகிய கண் அது, லேசில் அசராது.

ஒரு வாரம் போயிருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்கா டப்பாவைத் திறந்த நேரம் மீண்டும் டீச்சர். மகள் வீட்டுத் தரைவழிப் போனிலிருந்து பேசினார். குரலில் வெற்றி இருந்தது.

"மாட்டிக்கிட்டான். சுவர்லேர்ந்து விழுந்து கிடக்கான். போலீஸைக் கூப்பிடும்மா."

அக்கா முற்றத்தைத் திறந்தார். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் ஒருக்களித்துக் கிடந்தார். தலை நரைத்துப்போயிருந்தது. ஒரு கால் மடங்கிய வாக்கில் கிடக்க, பக்கத்தில் வாளி கவிழ்ந்து ஈரத்துணி தரையில் சிதறியிருந்தது. ஒரு கையின் விரல்கள் மட்டும் லேசாக அசைந்தன. துவைத்த துணியை உலர்த்த வந்தவர். திருட வந்தவன் எவனும் துணி துவைக்க மாட்டான் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"டீச்சர், அவர் திருடன் இல்ல. முடியாம விழுந்திருக்கார். பக்கத்து வீட்டு நம்பரைச் சொல்லுங்க, சீக்கிரம்."

சாவிக்கார அம்மா முதல் மணியிலேயே எடுத்தார். அக்கா விஷயத்தைச் சொல்லவும் மறுபேச்சு இல்லாமல் ஓடினார். கதவு திறப்பதும், உள்ளே செருப்புச் சத்தம் ஓடுவதும் அக்காவின் கைப்போனில் கேட்டது. மறு காதில், மேசைப் போனில், டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டேன். முற்றத்துலதான் நிக்கறேன். இங்க யாருமே இல்லையே."

"தொட்டிக்குப் பக்கத்துல பாருங்க."

"தொட்டிக்குப் பக்கத்துலதாங்க நிக்கறேன். கொடியில ஒரு துணி இல்ல. இதோ கையைத் தூக்கி ஆட்டறேன், தெரியுதா?"

அக்கா திரையைப் பார்த்தார். மதில் இருந்தது, தொட்டி இருந்தது, பெரியவர் கிடந்தார். கையை ஆட்ட அங்கே யாரும் இல்லை.

இது டீச்சர் வீடே இல்லை. ஒரே ஆள் வரிசையாகக் கட்டி விற்ற குடியிருப்பு, எல்லா முற்றமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். போனில் கேமராவைச் சேர்க்க ஸ்கேன் செய்கிற சதுரக் கட்டம் அட்டைப்பெட்டி மேல் ஒட்டியிருக்கும். டீச்சர் வீட்டில் மாட்டிய அன்றைக்கே அங்கே இன்னொரு வீட்டிலும் கேமரா மாட்டிய கடை ஏணிக்காரர் அட்டைப்பெட்டிகளை மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். பாஸ்வேர்டு வேறு வேறாக இருந்தாலாவது படம் திறந்திருக்காது. ஏணிக்காரரோ ஊரில் உள்ள பெட்டிக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்டு போடுகிறவர். அந்த இன்னொரு வீடு எது என்பது அவருக்குத்தான் தெரியும். பக்கத்து மேசைப் போனில் அக்கா அவரைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மனிதர் எங்கே எந்த ஏணியின் மேல் நிற்கிறாரோ.

பெரியவரின் விரல்கள் முன்பைவிட மெதுவாக அசைந்தன.

அதே போனில் அக்கா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் குடியிருப்பின் பெயரைச் சொன்னார். எந்தத் தெரு, எந்த வீடு என்று கேட்டார்கள். நீங்கள் வருவதற்குள் சொல்கிறேன் என்று வைத்தார். குரல் பழைய குரலாகவே இருந்தது.

"டீச்சர், டேப்பில அந்த முற்றத்துப் படம் திறந்திருக்கா? படத்துக்குக் கீழ ஒரு வரிசை. மணி மாதிரி ஒண்ணு இருக்கும், அதை அமுக்குங்க."

திரையில் கேமராவின் வெள்ளை வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது. அலாரம் அலறி ஓய்ந்தது. மீண்டும் அமுக்கச் சொன்னார், மீண்டும் அலறியது. மதிலுக்கு மேல் ஒரு தலைகூட எட்டிப் பார்க்கவில்லை. பூனை வந்தாலும் காகம் வந்தாலும் ஒரு வாரமாக அலறுகிற சாதனம். அக்கம்பக்கத்தார் அதைத் தண்ணீர் தெளித்து விட்டிருந்தார்கள்.

"சரி, அதை விடுங்க. பக்கத்துல மைக் படம் இருக்கும். அதை அமுக்கி, விரலை எடுக்காமப் பேசுங்க."

"மைக் எங்கம்மா இருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியல."

"மணிக்கு வலது பக்கம் ஐஸ் குச்சி மாதிரி ஒண்ணு. அது மேல விரலை வைங்க. நிறம் மாறிச்சா?"

"மாறிடுச்சு."

"பேசுங்க. நிறுத்தவே கூடாது."

டீச்சர் பேசினார். "ஐயா, பயப்படாதீங்க. ஆள் வருது" என்றார். பெரியவரின் தலை கேமரா இருந்த பக்கம் மெல்லத் திரும்பியது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் வாய் திறக்க, இந்தப் பக்கம் ஒரு தலை திரும்புகிறது. இத்தனை வருடமாக அக்கா நேராக்கிக் கொடுத்த வசதிதான் அது. என்றாலும் அது வேலை செய்வதைக் கண்ணெதிரே பார்த்தது அன்றுதான்.

"யாராவது வாங்க, பக்கத்துல யாரு இருக்கீங்க" என்று கொஞ்ச நேரம் கத்திய டீச்சருக்கு அதற்கு மேல் சொல்ல வார்த்தை வரவில்லை. "என்னம்மா பேசறது?" என்றார்.

"எதையாவது பேசுங்க. சத்தம் நிக்கக் கூடாது."

ஆயுள் முழுக்க வகுப்பில் சத்தம் போட்டவருக்கு வேறென்ன வரும். டீச்சர் பதினேழாம் வாய்ப்பாட்டைப் பிடித்தார். "ஓர் பதினேழு பதினேழு. இரு பதினேழு முப்பத்து நாலு. மூணு பதினேழு ஐம்பத்தொண்ணு." கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல். கீழே கிடந்தவரின் உதடுகள் கூடவே அசைவது போல் அக்காவுக்குத் தோன்றியது.

கைப்போனில் இன்னும் லைனில் இருந்த சாவிக்கார அம்மா திடீரென்று கூப்பிட்டார்.

"ஏங்க," என்றார், குரல் பாதியாகியிருந்தது. "டீச்சர் வெளிநாட்டுலதானே இருக்காங்க?"

"ஆமா."

"அவங்க குரல் கேக்குதுங்க. பின்தெருப் பக்கமிருந்து. வாய்ப்பாடு சொல்றாங்க."

"அதுதாங்க," என்றார் அக்கா. "அந்தக் குரல் எங்கேர்ந்து வருதோ அங்க ஓடுங்க. போனை வைக்காதீங்க."

அந்த அம்மா ஓடினார். அந்தக் குரலை அவருக்கு யாரும் அடையாளம் சொல்லத் தேவையில்லை. டியூஷன் பிள்ளைகளுக்கு டீச்சர் போட்ட சத்தத்தை நடுச்சுவர் வழியாக வருடக்கணக்கில் கேட்டவர், அதற்காகச் சண்டை போட்டவரும்கூட. கைப்போனில் அவர் மூச்சு இரைத்தது. மூச்சுக்குப் பின்னால் முதலில் முணுமுணுப்பாக, பிறகு எண் எண்ணாக, வாய்ப்பாடு நெருங்கி வந்தது. ஒரு காதில் டீச்சர் மகள் வீட்டிலிருந்து சொல்கிறார். மறு காதில் அதே வரியைச் சற்றுத் தாமதித்து ஒரு தெரு சொல்கிறது. நடுவில் அக்கா கண்ணை மூடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழாம் வாய்ப்பாடு முடிந்து பதினெட்டு தொடங்கியபோது, திரையில் மதிலுக்கு மேல் கலைந்த தலை ஒன்று எழுந்தது.

"ஐயோ, இவரா," என்றது அந்தத் தலை. பிறகு அது மதிலைத் தாண்டிக் குதித்தது. நடுத்தர வயதுப் பெண்மணி, எப்படித்தான் தாண்டினாரோ.

சாவிக்கார அம்மா சொன்ன வீட்டு எண்ணை அக்கா ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அவர்கள் வந்தார்கள், தூக்கினார்கள். பக்கவாதம், நேரத்தோடு பார்த்ததால் பிழைத்தார், இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாகச் சாவிக்கார அம்மா பிறகு கூப்பிட்டுச் சொன்னார். முற்றம் காலியான பின்பும் வாய்ப்பாடு நிற்கவில்லை.

"டீச்சர், போதும். விரலை எடுத்துடுங்க."

"எடுக்கலாமா?" என்றார் டீச்சர். பிறகு அழுதார். "அவ பொய் சொல்லலம்மா" என்பதை இரண்டு மூன்று தடவை சொன்னார்.

ஏணிக்காரர் ஏணியிலிருந்து இறங்கிக் கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் அக்கா போனை எடுத்தார். பெரியவருடைய மகனின் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டார். தனியாக இருக்கிற அப்பாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்து, அவர் மசியாததால் கேமரா வாங்கி மாட்டியவன் அந்த மகன்.

அவனைக் கூப்பிடும் முன் அக்கா சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். டப்பாவில் சாப்பாடு ஆறிப் போயிருந்தது. போன வாரமே தான் ஒழுங்காக யோசித்திருந்தால் அட்டைப்பெட்டி மாறியதைக் கண்டுபிடித்திருக்கலாம். தன் சொந்த முற்றத்துப் படமே வந்திருந்தால் டீச்சர் ஒரு நாள் பார்த்துவிட்டு டேப்பை மூடி வைத்திருப்பார். இத்தனை வருடத்தில் நேராக்காமல் விட்ட ஒரே கோளாறு, ஒரு மனிதர் உயிர் அதில் தொங்கியிருக்கிறது. இதைப் பெருமை என்று எடுத்துக்கொள்வதா, தப்பு என்று எடுத்துக்கொள்வதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. போன வாரம் யாரோ தன் கையைப் பிடித்து நிறுத்தியது போல் இருந்தது, அவ்வளவுதான்.

மகன் நிதானமாகத்தான் பேசினான்.

"அப்பாவா? காலையிலதாங்க பார்த்தேன். முற்றத்துல யாரும் இல்ல, உள்ள படுத்திருப்பார். தினம் காலையிலயும் ராத்திரியும் ஒரு தடவை பார்த்துடுவேன்."

"தம்பி, நீங்க பாக்கறது உங்க வீடு இல்ல. அது பூட்டின வீடு." அக்கா முதலில் அப்பா பிழைத்துக்கொண்டதைச் சொன்னார், பிறகு ஒன்று விடாமல் நடந்ததைச் சொன்னார்.

"அப்ப இந்த ஒரு வாரமா எங்கப்பாவை யாருங்க பார்த்துக்கிட்டிருந்தாங்க?" என்றான் அவன்.

"ஒரு டீச்சர்," என்றார் அக்கா. "அவரைத் திருடன்னு நெனைச்சு, கண்ணை எடுக்காமப் பார்த்தாங்க."