கோம்பைக் கோயிலில் கெவுளி கேட்ட மாலை

காலை ஏழு மணிக்குத் தேனிப் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது என் தோள்பையில் இரண்டு உடைகளும், மனத்தில் நன்கு செதுக்கிய உரையொன்றும் இருந்தன. அந்த உரையைக் கேட்க வேண்டியவர் ஒரே ஒருவர். கோம்பையில் திராட்சை பயிரிடும் இராசு, என் தோழி கௌசல்யாவின் தந்தை. கௌசல்யாவுக்குப் புனேயில் தொல்லியல் முதுகலை படிக்க இடம் கிடைத்திருந்தது. மறுநாள் நண்பகலுக்குள் சம்மதம் தெரிவிக்காவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். தந்தை இன்னும் வாய் திறக்கவில்லை. "நீ வந்து பேசு" என்று அவள் அழைத்தாள். கும்பகோணத்திலிருந்து இரவு முழுதும் பயணம் செய்து வந்தேன். ஒட்டியும் வெட்டியும் பேசிப் பரிசு பெற்றவள் நான். சீட்டுக் குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தாலும் அந்தப் பக்கத்தை வெல்லவைக்கும் திறம் எனக்குண்டு என்பதில் எனக்கு ஐயமே இருந்ததில்லை.

தேனியிலிருந்து தெற்கே ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டரில் சின்னமனூர். வீரபாண்டியைத் தாண்டியதும் இருபுறமும் வாழையும் நெல்லும். மேற்கே மலைத்தொடர் கூடவே வருகிறது. பாண்டியர் காலத்தில் அரிகேசரிநல்லூர் என்று வழங்கிய ஊர் சின்னமனூர். அம்மன்னர்களின் வம்ச வரலாற்றைச் சொல்லும் புகழ்பெற்ற செப்பேடுகள் இங்குதான் கிடைத்தன. பூலாநந்தீசுவரர் கோயில் வாசலில் கௌசல்யா காத்திருந்தாள். நின்று வணங்குவோரின் உயரத்துக்கேற்ப இறைவன் காட்சி தருவான் என்பது தலபுராணம். நான் இருமுறை இடம் மாறி நின்று பார்த்தேன். கௌசல்யாவோ கருவறையைப் பார்க்காமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா சாயந்தரம் பெருமாள் கோயிலுக்குப் போகணும்னு சொல்லிட்டாக" என்றாள். "கெவுளி கேக்கணுமாம்."

கெவுளி என்பது பல்லி. ஒரு காரியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சன்னதியில் அமைதியாக உட்கார வேண்டும். வலப்பக்கம் பல்லி சொன்னால் உத்தரவு. இடப்பக்கம் சொன்னால் தடை. சத்தமே இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமை மறுபடி வரலாம். எங்களுக்கோ அடுத்த சனிக்கிழமை என்ற ஒன்று இல்லை.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்க சித்தப்பா இடப்பக்கச் சத்தத்தை மீறித்தான் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாக. கம்பம்மெட்டு ரோட்டுல ஜீப் உருண்டுருச்சு. பொணமாத்தான் கொண்டாந்தாக."

உத்தமபாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். சமணச் சிற்பங்களைப் பார்த்துவிட்டுக் கோம்பைவரை செல்ல முந்நூறு ரூபாய். கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அடியில் வட்டெழுத்துகள். ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த அந்த எழுத்துகளைக் கௌசல்யா விரல் படாமல் காற்றில் தொட்டு வாசித்தாள். அன்றைய நாளில் அவள் முகம் தெளிந்திருந்தது அங்கு மட்டும்தான்.

"இந்தப் பாறையை இம்புட்டு நேரம் பாத்த ஆளு நீங்கதான்" என்றார் ஆட்டோக்காரர். "மத்தவுக செல்பி எடுத்துட்டுக் கிளம்பிருவாக. வெயிட்டிங்கு போடலாமா, வேணாமா?"

"போட்டுக்கங்கண்ணே. அடுத்து எப்ப வருவேன்னு தெரியலை" என்றாள் அவள்.

மாலை நான்கரைக்குக் கோம்பைக்கு மேற்கே, மலையடிவாரத்துப் பெருமாள் கோயிலில் இருந்தோம். இராசு வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். கூடவே அவர் மனைவி. வணக்கம் சொல்லி என் முதல் வாக்கியத்தைத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார்.

"பேசுறதுக்கு இல்ல தாயி, கேக்குறதுக்குத்தான் ஒன்னைய இங்கன கூட்டியாரச் சொன்னேன். வீட்டாளு காதுல ஆசை கலந்திரும். வெளியாளு கேட்டுச் சொல்றதுதான் இங்கன வழக்கம்."

அர்ச்சகர் ஒரு சிறு திரியை ஏற்றினார். அது அணையும்வரைதான் கெடு. தந்தை, தாய், மகள் மூவரும் கண்ணை மூடி, இரு காதுகளையும் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டார்கள். அந்த மண்டபத்தில் திறந்திருந்தவை அர்ச்சகரின் காதுகளும் என் காதுகளும் மட்டுமே. அவரும் நைவேத்தியப் பாத்திரத்துடன் மடைப்பள்ளிக்குள் நுழைந்துவிட்டார்.

மேடையில் மணியடிப்பதற்குமுன் வரும் கடைசி நிமிடம் எனக்குப் பழக்கம். இது வேறு. தூணில் காற்று உரசுவதும், வெளியே எங்கோ டிராக்டர் ஓடுவதும் கேட்டன. வலப்பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லிகள் இருந்தன, அசையவில்லை. திரி குட்டையாகிக்கொண்டே வந்தது.

மூன்று முறை கேட்டது. அழுத்தமாக, விட்டுவிட்டு, ஐயத்துக்கு இடமில்லாமல், இடப்பக்கத்திலிருந்து.

திரி அணைந்தது. மூவரும் கையை எடுத்தார்கள். கௌசல்யா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"சொல்லு தாயி."

வலம் என்று சொல்லியிருக்கலாம். மறுக்க ஆளில்லை. எந்தப் பக்கத்துக்காகவும் பேசக்கூடிய நாக்கு இது. ஆயினும் அவர் என்னிடம் வாதம் கேட்கவில்லை, சாட்சி கேட்டார்.

"இடப்பக்கம்பா" என்றேன்.

கௌசல்யாவின் தாய் பெருமூச்சு விட்டு எழுந்தார். "அப்ப சரி. ஆத்தா, கிளம்பு. சாமியே சொல்லிருச்சு."

இராசு எழவில்லை. இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்தார். அதில் ஒரு ரூபாய்க் காசை வைத்து முடிந்தார். விரல்கள் ஒத்துழைக்காமல் முடிச்சு இருமுறை அவிழ்ந்தது.

"என்ன செய்றீக? ஒங்க தம்பியை மறந்துட்டீகளா?" என்றார் மனைவி.

"மறக்கலை. அதான் கையி ஆடுது." முடிச்சைச் சன்னதிப் படியில் வைத்தார். "குத்தம் எதுவா இருந்தாலும் எம்மேல வரட்டும், பெருமாளே. பிள்ளை மேல வேணாம்." பிறகு மகளிடம் திரும்பினார். "ஏத்தா, போனை எடு. இப்பயே அனுப்பிரு. வீட்டுக்குப் போனா எனக்கு மனசு மாறிரும்."

கோயிலுக்குள் இணைய இணைப்பு இல்லை. கௌசல்யா வாசல், தேரடி, சாலை என்று ஓடினாள். தாய் அழுதபடியே பின்னால் போனார். சாலையோரம் அவள் நின்று, அனுப்பிவிட்டதாகத் தலையசைத்தாள்.

உத்தமபாளையம் பேருந்து நிலையத்துக்குத் தந்தையும் மகளும் என்னை வழியனுப்ப வந்தார்கள். தந்தை தண்ணீர் வாங்கப் போன நேரத்தில் கௌசல்யா கேட்டாள்: "வலப்பக்கம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நானும் போயிருப்பேன், எங்கப்பாவும் நிம்மதியா இருந்திருப்பாக."

எதிரணியின் வாதம் சரியென்று எனக்குப் பட்டது இதுவே முதல் முறை.

கும்பகோணத்தில் எங்கள் தெருவைச் சுற்றி எத்தனையோ கோயில்கள். எல்லாவற்றிலும் வேண்டிக்கொள்கிறோம், விபூதி இட்டுக்கொள்கிறோம், வெளியே வந்து காப்பி குடிக்கிறோம். பதில் வரும்வரை உட்கார்ந்திருந்து, வந்த பதிலைக் கேட்டு நடுங்கி, அதன் பிறகும் மகளை அனுப்பிவைக்கும் ஒருவரை அங்கே நான் பார்த்ததில்லை.

பேருந்து உறுமத் தொடங்கியபோது இராசு சன்னலோரம் வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மகள் தள்ளி நிற்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"தாயி, அந்தச் சத்தம்... பலமா இருந்துச்சா? லேசாவா?"

அந்த முகத்தை நேரே பார்த்தேன்.

"லேசாத்தாம்பா. ரொம்ப லேசா."

அவர் தலையசைத்தார். மறுபடியும் அசைத்தார். சன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.