ப்ளவுஸ் பிட்டோடு வாங்கிய சங்கிலி

துரைக்கண்ணு ஹார்ன் அடித்தால் கண்ணமங்கலத்தில் படுத்திருக்கும் எருமை எழுந்து ஓரமாக நின்றுவிட்டு, வண்டி போன பிறகுதான் மறுபடி படுக்கும் என்று ஆரணி வேன் ஸ்டாண்டில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பியவன் வேறு யாருமில்லை, துரைக்கண்ணுதான்.

பெரணமல்லூர்ப் பக்கத்துக் காலனியில் பிறந்தவன். கோழி நின்று திரும்புகிற அளவுக்குக்கூட நிலமில்லாத வீடு. களம்பூர் ரைஸ் மில் லாரியில் கிளீனராக ஏறி, மூட்டை சுமந்து, ஸ்டியரிங் பிடித்து, தொண்ணூற்று ஐந்தில் ஒரு பழைய வேனைச் சொந்தமாகவே வாங்கிவிட்டான். வேனின் நெற்றியில் மனைவி மதிவதனியின் பெயரை எழுதினான். எழுத்து எவ்வளவு பெரிசென்றால், எதிரில் வருகிறவன் பெயரைப் படித்து முடிப்பதற்குள் வேன் அவனைத் தாண்டிப் போய்விடும். தன் வண்டியில் ஏறிய ஜனம் ஒரு நாளும் இறங்கித் தள்ளியதில்லை என்பது அவன் பெருமை. கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் கை கழுவுவான்.

தொண்ணூற்று எட்டாம் வருஷம் கார்த்திகையில் பட்டு வியாபாரி ஜெகநாதன் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். சிம்லாவில் டிசம்பர் கடைசியில் ஒரு கைத்தறிக் கண்காட்சி. ஜெகநாதனுக்கு அங்கே ஒரு ஸ்டால் கிடைத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: தறியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஜனங்கள் கண்ணெதிரில் சேலை நெய்து காட்ட வேண்டும். திறப்பு விழா அன்று காலையில் தறி ஓடவில்லையென்றால் இடம் அடுத்த ஸ்டாலுக்குப் போய்விடும். அடுத்த ஸ்டால் காஞ்சிபுரத்துக்காரர்களுடையது. இதைக் கேட்டதும் ஜெகநாதனுக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு ஸ்டவ் பற்றவைத்திருக்கலாம்.

தறியை ரயிலில் போட்டு, மலையடிவாரத்தில் அந்த ஊர் டிரைவரைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கடைத்தெருவில் எல்லாரும் சொன்னார்கள். பனி ரோட்டில் நம்மூர்க்காரன் ஓட்டுவானா என்று கேட்டார்கள். துரைக்கண்ணு காதில் அது விழுந்தது. நேராக ஜெகநாதனிடம் போய், தறியையும் நெய்கிற ஆளையும் ஒரு கீறல் இல்லாமல் தானே கொண்டுபோய் இறக்குவதாகச் சொல்லிவிட்டான். தவறினால் இனிமேல் ஆரணியில் ஒரு பட்டு மூட்டையைக்கூட யாரும் தன்னை நம்பி ஏற்ற வேண்டாம் என்றும் சொன்னான். சொன்ன இடம் டீக்கடை. அதனால் சாயங்காலத்துக்குள் போளூர்வரை தெரிந்துவிட்டது.

பனியில் போகிற வண்டிக்குச் சக்கரத்தில் சங்கிலி கட்ட வேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தெரியும். உடனே இரும்புக்கடைக்குப் போய், இருப்பதிலேயே கனமான ஊஞ்சல் சங்கிலி ஒன்றும், துணைக்கு மாடு கட்டுகிற சங்கிலி இரண்டும் எடுத்துவந்து வாசலில் போட்டான்.

அப்போது மதிவதனியின் தம்பி குப்புராஜ் லீவில் வந்திருந்தான். கண்ணமங்கலம் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பையன் பட்டாளத்தில் இருப்பான். இவன் காஷ்மீரில் மிலிட்டரி லாரி ஓட்டுகிறவன். வாசலில் கிடந்ததைப் பார்த்துவிட்டு வெகுநேரம் சிரித்தான். அப்புறம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“மாமா, சிம்லாவுல போய் வண்டி ஓட்டப் போறியா, ஊஞ்சல் ஆடப் போறியா?”

“சிரிக்காத மச்சான். கட்டுனா பிடிக்காதா இது?”

“பிடிக்கும். உன் பின்சக்கரத்தப் பிடிச்சி பள்ளத்துல தள்ளும். அங்க பிரேக்க மெறிச்சா வண்டி நிக்காது மாமா. உன்னப் பாத்து சிரிச்சிகினே போவும்.”

பிறகு அவன் விஷயத்துக்கு வந்தான். ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரி இரண்டு ஓரத்திலும் நீளச் சங்கிலி, நடுவில் வரிசையாகக் குறுக்குச் சங்கிலி இருப்பதைத்தான் வாங்க வேண்டும். வளையம் உருண்டையாக இல்லாமல் பட்டையாக, முனை வைத்து இருந்தால் ஐஸைக் கடிக்கும். இந்த வேனை இன்ஜின் தள்ளுவது பின்சக்கரத்தில். அதனால் பின்னால் இரண்டுக்கும் கட்ட வேண்டும். பனி தொடங்குவதற்கு முன்னாலேயே சமமான இடத்தில் நிறுத்திக் கட்டி, கொஞ்ச தூரம் ஓட்டி, இறங்கி மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். வெறும் தார் ரோடு வந்ததும் கழற்றிவிட வேண்டும். வேகம், மாட்டு வண்டிக்காரன் முந்திக்கொண்டு போனாலும் ரோஷப்படாத வேகம். எல்லாவற்றுக்கும் மேலே, டயரில் போட்டிருக்கிற நம்பரும் சங்கிலியின் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். இதை அவன் மூன்று தரம் சொன்னான். துரைக்கண்ணு மூன்று தரமும் தலையாட்டினான்.

மார்கழி பிறந்ததும் கிளம்பினார்கள். வேனுக்குள் கட்டை கட்டையாகக் கழற்றிய தறி, சேலை மூட்டைகள், புளிசாதம். முன்சீட்டில் ஜெகநாதன். நடுவில் அவர் மனைவி ஸ்வர்ணலதா. தறியில் உட்காரப் போவது அவள்தான். ஜெகநாதன் விற்பார், பேசுவார், இந்தியிலும் பேசுவார். ஆனால் அவர் நெய்த சேலையை வீட்டில் ஜன்னலுக்குக்கூடக் கட்டவில்லை.

ஆந்திரா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று வேன் போய்க்கொண்டே இருந்தது. டெல்லியைத் தாண்டும்போது துரைக்கண்ணுவின் வாயிலிருந்து புகை வந்தது. நெஞ்சில்தான் ஏதோ தீய்கிறது என்று பயந்து, அது குளிர் என்று தெரிந்ததும், டீக்கடையில் சொல்வதற்கு அதையும் மனசில் எடுத்துவைத்துக்கொண்டான்.

மலை ஏறுகிற இடத்தில் கால்கா. அங்கே சங்கிலிக் கடை. துரைக்கண்ணு கடைக்குள் போனது, மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கப் போனது போல இருந்தது. முதலில் காட்டிய மெல்லிய சங்கிலியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்து, இது மதிவதனியின் கொலுசு என்று தள்ளிவிட்டான். அடுத்ததை நகத்தால் தட்டிக் காதில் வைத்துச் சத்தம் கேட்டான். கொக்கியை மாட்டிக் கழற்றினான். ஏணி மாதிரி, பட்டை வளையம், முனை கூர். குப்புராஜ் சொன்னது அப்படியே கிடைத்துவிட்டது. கடைக்காரர் டயரைப் பார்த்துவிட்டு வந்து, அதே நம்பர் சங்கிலியை எடுத்துக் கொடுத்தார்.

அங்கேதான் ஆரணி குறுக்கே வந்தது.

கட்டிப் பார்த்தபோது சங்கிலி டயரை இறுக்கிப் பிடித்தது. மிச்சம் என்று தொங்குவதற்கு ஒன்றுமில்லை. துரைக்கண்ணுவுக்கு மனசு ஒப்பவில்லை. ஜெகநாதனுக்குச் சுத்தமாக ஒப்பவில்லை. ஆரணியில் சேலை என்றால் முடிந்த பிறகும் ப்ளவுஸ் பிட் என்று கொஞ்சம் கூட வர வேண்டும். அது இல்லாத சேலையைச் சும்மா கொடுத்தாலும் பெண்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இப்படியே பழகின ஊரில் அளவாக ஒன்றை வாங்கினால் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அர்த்தம்.

“இன்னா துரை, மூச்சு முட்டுற மாதிரி கீது. கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதான?” என்றார் ஜெகநாதன்.

“அதான் மொதலாளி நானும் பாக்கறேன். அடுத்த சைஸ் கேளுங்க.”

ஜெகநாதன் இந்தியில் கேட்டார். கடைக்காரர் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் என்றார். பெரிசைக் கொடுக்க மனசில்லாமல் பதுக்குகிறார் என்று இருவருக்கும் உடனே புரிந்துவிட்டது. வற்புறுத்தி அடுத்த சைஸையே வாங்கினார்கள். கட்டியபோது ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சாண் வால் மிஞ்சியது. துரைக்கண்ணு அதைத் தடவிப் பார்த்துத் திருப்தியோடு கழற்றி வைத்தான்.

மறுநாள் காலையில் திறப்பு விழா. முதல்நாள் பத்து மணிக்கு ஷோகி என்கிற ஊர் தாண்டியதும் ரோட்டில் பனி தெரிந்தது. குப்புராஜ் சொன்னபடி துரைக்கண்ணு முன்னாலேயே சமமான இடத்தில் நிறுத்திச் சங்கிலி கட்டினான். கொஞ்ச தூரம் ஓட்டினான். வேன் பனியைக் கவ்விக்கொண்டு, சுவரில் பல்லி ஏறுவது மாதிரி ஏறியது. பக்கத்தில் சங்கிலி கட்டாத இரண்டு கார்கள் வாத்து மாதிரி ஆடிக்கொண்டு நின்றன. துரைக்கண்ணு அவற்றுக்கு ஒரு ஹார்ன் அடித்தான். அந்தச் சந்தோஷத்தில், இறங்கி மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும் என்பதை மறந்தே போனான்.

அப்புறம் சத்தம் வந்தது. டம், டம், டம். காளி ஊர்வலத்துக்கு அடிக்கிற மாதிரி. எதிரில் வருகிறவன் ஒதுங்குவான், நல்லதுதான் என்றார் ஜெகநாதன். ஒரு வளைவில் டமார் என்று ஓர் அடி விழுந்தது. வேனின் பின்பக்கம் மெதுவாக, ரொம்ப மரியாதையாக, பள்ளத்துப் பக்கம் நகர்ந்தது. துரைக்கண்ணு பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்து, வேனின் மூக்கைப் பனிக்குவியலில் செருகி நிறுத்தினான். உள்ளே புளிசாதத் தூக்கு மட்டும் உருண்டுகொண்டிருந்தது.

இறங்கிப் போய்ப் பார்த்தான். ப்ளவுஸ் பிட் மட்கார்டைக் கிழித்துவிட்டு, உள்ளே பிரேக் பைப்பை உரசிக்கொண்டிருந்தது. பைப்பில் புதுக் கோடு பளபளத்தது. இன்னும் நாலு வளைவு போயிருந்தால் பைப் அறுந்திருக்கும். இன்னொரு சக்கரத்தில் சங்கிலி பாதி கழன்று, பாவாடை நழுவின மாதிரி தொங்கியது.

ஜெகநாதன் கண்ணாடியை இறக்கி, நேரம் ஆகிறது, ஊர் பக்கத்தில்தான், இப்படியே மெல்லப் போய்விடலாம் என்றார்.

துரைக்கண்ணு ஒரு நிமிஷம் டீக்கடையை நினைத்தான். பிறகு வேனுக்குள் இருந்த ஸ்வர்ணலதாவைப் பார்த்தான்.

“போவக் கூடாது மொதலாளி. சைஸ் தப்பு. கேட்டு வாங்குனது நான். இத சரி பண்ணாம சக்கரம் சுத்தாது. நாளைக்கி ஸ்டால் போனா போவட்டும்.”

ஸ்வர்ணலதா இறங்கினாள். மூன்று ஸ்வெட்டர், அதன்மேல் சேலை, தலையில் புருஷனின் குரங்குக் குல்லா. குனிந்து சங்கிலியை ஆள்காட்டி விரலால் சுண்டினாள். தெருவில் பாவு நீட்டும்போது தறியின் நீள நூல் எங்கே தொய்கிறது என்று அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

“துரை, தொங்கிகினு கெடந்தா பாவும் ஓடாது, இதுவும் ஓடாது. உள்ள தள்ளி மாட்டு. நான் இழுத்துப் பிடிக்கறேன்.”

அவன் பனியில் படுத்து, கொக்கியைக் கழற்றி, எத்தனை வளையம் உள்ளே போகுமோ அத்தனை உள்ளே தள்ளி மாட்டினான். தொங்கிய வாலை ஆக்சா பிளேடால் அறுத்தான். சேலை மூட்டைகளைக் கட்டியிருந்த டியூப் ரப்பரை அவிழ்த்து, சங்கிலியின் இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே நட்சத்திரம் மாதிரி போட்டான். ஸ்வர்ணலதா ஒரு காலைச் சக்கரத்தின்மேல் ஊன்றி, பாவுக் கயிறு இழுக்கிற மாதிரி ஒவ்வொரு ரப்பரையும் இழுத்தாள். அவள் இழுத்த இழுப்பில் சிம்லாவே கொஞ்சம் கீழே இறங்கிவந்தது என்று துரைக்கண்ணு பிற்பாடு சொன்னான். ஜெகநாதன் குடை பிடித்தார். பிடித்தது தனக்குத்தான்.

சுண்டிப் பார்த்தாள். டிங் என்றது. இன்னொரு தரம் எல்லாவற்றையும் சுண்டினாள். எல்லாம் டிங். துரைக்கண்ணு வேனைப் பின்னுக்கு எடுத்து ரோட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு பர்லாங் ஓட்டி, நிறுத்தி, இறங்கி, மறுபடி இழுத்துக் கட்டினான். அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துப் பையன்கள் நடந்தே முந்திப்போனார்கள். அவன் ஹார்ன் அடிக்கவில்லை. டமடமவும் இல்லை. பனி நறநறவென்று நசுங்கும் சத்தம் மட்டும்.

மூன்று மணிக்கு மைதானத்தில் வேன் நின்றது. இருட்டுவதற்குள் தறியைப் பூட்டி நிறுத்தினார்கள். மறுநாள் ரிப்பன் வெட்டியபோது ஸ்வர்ணலதாவின் தறியில் குறுக்கு நூலை இழுக்கும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்துகொண்டிருந்தது. குல்லா போட்ட கூட்டம் தறியைச் சுற்றிச் சுவர் மாதிரி நின்றது. பக்கத்து ஸ்டால் காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் வந்து, இந்த ரோட்டில் தறியை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். துரைக்கண்ணு அவரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, சாயங்காலம்வரை சொன்னான்.

அதன் பிறகு இரண்டாயிரத்து ஏழுவரை வருஷம் தவறாமல் சிம்லாவுக்கும் மணாலிக்கும் ஆரணிப் பட்டு போனது மதிவதனி வேனில்தான். டயர் மாற்றினால் பழைய சங்கிலியை விற்றுவிட்டு அதே நம்பரில் புதுசு வாங்குவான். வடக்கே டூர் போகிற வேன்காரர்கள் அவனிடம் யோசனை கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். அவன் நம்பரை மூன்று தரம் சொல்லுவான். அவர்கள் தலையாட்டினால் நம்ப மாட்டான், திருப்பிச் சொல்ல வைப்பான்.

முதல் தடவை திரும்பி வந்தபோது, ஒரு சந்தேகத்தை வேன் ஸ்டாண்டில் கிளப்பினார்கள்: ஜனம் இறங்கியதாமே?

“எறங்குனாங்க. இழுத்தாங்க. தள்ளல,” என்றான் துரைக்கண்ணு.

அறுத்த இரண்டு வாலையும் மதிவதனி வீணாக்கவில்லை. வீட்டு கேட்டுக்குப் பூட்டுச் சங்கிலியாக மாட்டிவிட்டாள். அடுத்த லீவில் வந்த குப்புராஜ் கேட்டைத் திறக்கும்போது அது கையில் தட்டியது. பட்டை வளையம், கூர் முனை. ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டான்.

“மாமா, இது இன்னா?”

துரைக்கண்ணு வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

“ப்ளவுஸ் பிட்டு.”