பல்லில் கடித்துப் பார்த்த குழாய்

எண்பதுகளின் கடைசியில் செங்கம் சாலை ஓரமாகப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தோம். டெலிபோனுக்கு இனிமேல் செம்புக் கம்பி இல்லை, கண்ணாடி நூல் என்றார்கள். அந்த நூல் இருக்கும் கேபிளைக் காப்பாற்ற மண்ணுக்குள் கறுப்பு பிளாஸ்டிக் குழாய் பதிக்க வேண்டும்.

என்னை அந்த வேலைக்குக் கூட்டிப்போனவர் எங்கள் ஊர் கான்ட்ராக்டர். அதற்கு முன் நான் கீழ்பென்னாத்தூரில் கிணற்றுக் குழாய் விற்கும் கடையில் இருந்தேன். அவரும் அங்கே சரக்கு வாங்க வருவார். நான் படித்தது ஐந்தாவதுதான். ஆனால் எது புதுச் சரக்கு, எது உடைந்த பக்கெட்டை உருக்கிச் செய்தது என்று பல்லால் சொல்வேன். ஓரத்தைச் சீவிக் கடித்தால் புதுச் சரக்கு வளைந்து கொடுக்கும். உருக்கிய சரக்கு உதிரும்.

இதைக் கேள்விப்பட்ட டெலிபோன் இன்ஜினியர், "நீ பாத்துச் சொன்னாதான் பள்ளத்துல இறக்கணும். மேல லாரி போய் குழாய் உடைஞ்சா உள்ள நூலும் போச்சு" என்றார்.

கான்ட்ராக்டர் வாங்கிய குழாயில் முதல் லோடு வந்தது. ஒவ்வொரு சுருளின் நுனியையும் சீவிக் கடித்தேன்.

"இன்னாப்பா, கரும்பா அது?" என்று கான்ட்ராக்டர் சிரித்தார்.

எல்லாமே நல்ல சரக்கு. அதுதான் உறுத்தியது. கடைக்கு வரும் லோடில் ரெண்டு சுருளாவது உதிரும். நான் நுனியைத்தான் கடிப்பேன் என்பது கான்ட்ராக்டருக்கும் தெரியும்.

எல்லோரும் சாப்பிடப் போனதும் ஒரு சுருளைத் தடவிக்கொண்டே போனேன். நாலு முழம் தள்ளி விரலில் ஒரு மேடு தட்டியது. சூடு காட்டி ஒட்டிய இடம். அதற்கு அப்பால் சீவிக் கடித்தேன். வாயில் மண்ணாக உதிர்ந்தது.

"நுனியக் கடிச்சது போறலையா?" பின்னால் கான்ட்ராக்டர் நின்றிருந்தார். "உன்ன இட்டாந்தது யாரு?"

"நீங்கதாங்க."

"அந்த ஞாபகம் இருக்கட்டும்."

அதற்குள் இன்ஜினியர் வந்துவிட்டார். "எல்லாம் பாத்துட்டியாப்பா? இறக்கலாமா?"

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. கான்ட்ராக்டர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் இருந்ததை உள்ளங்கையில் துப்பி, இன்ஜினியரிடம் நீட்டினேன். கறுப்புத் துகளுக்கு நடுவில் ஒரு பொட்டுச் சிவப்பு, பக்கெட்டின் சிவப்பு. அவர் விரலைப் பிடித்து அந்த மேட்டின் மேல் வைத்தேன்.

லோடு அப்படியே திரும்பிப் போனது. மறுநாள் காலை, கான்ட்ராக்டரின் ஆளேற்றும் வண்டி எங்கள் தெருமுனையில் நிற்கவில்லை.