திரைக்கு வெளியே கேட்ட குரல்

இதைப் படிக்கும் ஐயா, அம்மா, தங்களுக்கு என் வணக்கம். பெரம்பலூரில் ஒரு மாடியறையில் தொங்கும் நீலத் திரைச்சீலையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அது பிசியோதெரபி செய்யும் இடம். திரைக்கு உள்ளே ஒரு கட்டில், வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அந்த நாற்காலியில் அமர்ந்து, உள்ளே என் மனைவி வலியால் கத்துவதைக் கேட்டு நான் மனம் நிறைந்திருக்கிறேன். அந்த நிறைவை நினைத்தால் இன்று உடல் கூசுகிறது.

குரும்பலூரில் எங்கள் வீடு. நான் வெங்காய மண்டியில் நெடுங்காலம் எடை போட்டவன். அவள் களத்தில் குனிந்தமர்ந்து வெங்காயத்தாள் அரிந்தே வலத்தோளைத் தேய்த்துக்கொண்டவள். ஒரு நாள் கை தோளுக்கு மேல் எழும்ப மறுத்தது. கொண்டை முடிய முடியாமல் கண்ணாடிமுன் நின்றாள். எவரிடம் காட்டுவது என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். முதலில் பெரம்பலூரின் அந்த மாடியறைக்கே அழைத்துப் போனேன். அங்கே சிகிச்சை செய்தது எங்கள் மகள் வயதுப் பெண். என்ன வேலை செய்கிறீர்கள், எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்றெல்லாம் விசாரித்தாள். பின்பு வெந்நீர்ப் பை வைத்து, கையை மெல்ல மெல்ல அசைத்தாள். அரை மணி நேரம் திரைக்குள்ளிருந்து ஒரு முனகலும் இல்லை.

படியிறங்கும்போது என் மனைவி, "ஏங்க, அந்தப் பொண்ணு கை பூ மாதிரி இருக்கு. இங்கயே வருவமே," என்றாள்.

"பூவால தடவுனா பிடிப்பு வுடுமா? சத்தமே கேக்கல. என்னத்தப் பாத்துச்சு அது?" என்றேன்.

வலி வலியால்தான் வெளியேறும் என்பது எங்கள் பக்கத்தில் பலருக்குள்ள நம்பிக்கை. நோயாளி எவ்வளவு கத்துகிறாரோ அவ்வளவு கைராசி. ஆகவே அரியலூர் பஸ் ஏறினோம். கல்லங்குறிச்சிப் பாதையில் ஒருவர் எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழிப்பவர். கட்டை விரலைத் தோள்குழியில் ஊன்றி, "கத்துங்கம்மா, கத்துனாத்தான் நரம்பு எடம் வரும்," என்பார். அவள் கத்தினாள். வாசலில் காத்திருந்தவர்கள், "நல்லாப் புடிச்சிட்டாரு," என்றார்கள். நானும் தலையசைத்தேன். ஐந்து முறை போனோம். ஐந்தாவது முறைக்குப் பின் தோள் வீங்கி, சோறு பிசையவும் இடக்கையை நாடினாள். அந்நாட்களில் அவள் கொண்டையை நானே முடிந்தேன். அது ஒரு நாளும் நிற்கவில்லை. "வெங்காய மூட்டைக்கு வாய் கட்டுற மாதிரி கட்டுறீங்க," என்று சிரித்தாள்.

ஒரு காலை, நான் முடிந்துகொண்டிருக்கையில், முகத்தைத் திருப்பாமலே, "இன்னும் ஒரே ஒரு தடவ அந்தப் பொண்ணுகிட்ட போயிட்டு வரலாங்க," என்றாள். சரி என்றேன். அன்று திரைக்குள்ளிருந்து, "ஐயோ, அம்மாடி!" என்று குரல் எழுந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து தலையசைத்தேன். இந்தப் பெண்ணும் தொழில் கற்றுக்கொண்டாள் என எண்ணிக்கொண்டேன். அதன்பின் மறுப்புச் சொல்லவில்லை. வாரம் மூன்று நாள் என மூன்று மாதம் போனோம். ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் கேட்டது. முடிவில் கை மேலே எழும்பியது. தன் கொண்டையைத் தானே முடிந்தாள்.

மறு ஆண்டு மழைக்காலத்தில், மாரடைப்பில், அரை நாளில் போய்விட்டாள்.

இவ்வாண்டு என் முழங்கால் மடங்க மறுத்தது. அதே அறைக்குப் போனேன். முதன்முறையாகத் திரைக்கு உள்ளே படுத்தேன். வலி சிறிதும் தெரியவில்லை. வியந்து கேட்டேன்: "எம்மேல எரக்கப்பட்டு மெதுவாச் செய்யுறியாம்மா? அவ அப்படிக் கத்துவாளே?"

அந்தப் பெண் என் காலைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். "ஐயா, அம்மாவுக்கும் இப்படித்தான் செஞ்சேன். 'கொஞ்சம் இரு கண்ணு, ஒரு சத்தம் போட்டுக்கறேன், இல்லாட்டி மறுபடி அரியலூருக்கு இழுத்துட்டுப் போயிடுவாரு'ன்னு சொல்லிட்டு, எனக்குக் கண்ணடிச்சிட்டுக் கத்துவாங்க. நான் சிரிப்ப அடக்க வாயப் பொத்திக்குவேன்."

எடை பிசகாதவன் என்று மண்டியில் எனக்குப் பெயர். என் வீட்டில் நடந்ததோ இது. அரியலூரில் அவள் மெய்யாகவே துடித்தபோது தலையசைத்தேன். பெரம்பலூரில் அவள் நடித்தபோதும் அசைத்தேன். தனக்கு இதம் தந்த கை எது என்பதை அவள் முதல் நாளே படிக்கட்டில் சொன்னாள். சொன்னது என் காதில் ஏறவில்லை. கத்தியதுதான் ஏறியது. தன் தோளைக் காத்துக்கொள்ள, கட்டிய கணவனிடம் மூன்று மாதம் வேடம் போட வேண்டியிருந்தது அவளுக்கு. வேறு எதற்கெல்லாம் போட்டிருப்பாளோ, அதைச் சொல்ல இப்போது எவருமில்லை.

சென்ற வாரம் திரையை விலக்கி வெளியே வந்தேன். நாற்காலியில் என் வயதுக்காரர் ஒருவர் இருந்தார். அவர் மனைவி தோளைப் பிடித்தபடி உள்ளே போனார். "நல்லா அழுத்திப் புடிக்கிறாங்களா சார்? உங்க சத்தமே கேக்கலியே?" என்றார் அவர்.

"அத என்கிட்ட கேக்காதீங்க. வீட்டுக்காரம்மா வெளிய வந்ததும் அவங்ககிட்ட கேளுங்க. அவங்க சொல்றத நம்புங்க," என்றேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். நீலத் திரை அசைந்தது. உள்ளே அமைதியாக இருந்தது.

நான் இதை எழுதிய இந்தத் தாளைத் தூக்கி எறியாமல் வீட்டில் ஓரிடத்தில் வைத்திருங்கள். என் வேண்டுகோள் அவ்வளவே.