குனிந்து காட்டிய சாட்சி

"…அதனாலதான் தம்பி, நீ சாட்சி சொன்ன அன்னிக்கே நானும் மாத்திரைய நிறுத்திட்டேன். உன் இடுப்பத் தொட்ட ஆண்டவரு என் நெஞ்சத் தொட மாட்டாரா இன்னா?"

ஞாயிறு ஆராதனை முடிந்து, சபைக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா இதைச் சொன்னார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என் வாயிலிருந்த டீ உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் இல்லை. எங்கள் சபையில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலை. இருமல் நிற்காமல் போய், சளியைச் சோதித்து, டிபி என்று சொல்லி இரண்டரை மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் தினமும் மாத்திரை, ஒரு நாள்கூட விடக்கூடாது. நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும், வந்தால் அந்த மாத்திரைக்கு அடங்காது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். "இந்த மாத்திரையால ஒண்ணுக்குப் போனாகூட கலர் சோடா மாரி வருது" என்று சிரித்துக்கொண்டே அவரும் விடாமல் விழுங்கி வந்தார், என் சாட்சியைக் கேட்கும்வரை.

அந்தச் சாட்சியைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் கம்பெனியில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். வருடக்கணக்காக அதில் குலுங்கியதில் இடுப்பில் ஒரு ஜவ்வு நகர்ந்துவிட்டது. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. "இந்த வலி உன் வாய்ல வந்துருந்தா ஊருக்கே நிம்மதி" என்பாள் என் மனைவி. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பாஸ்டர் ஐயா என் இடுப்பில் கைவைத்து ஜெபித்தார். சபையே சேர்ந்து ஜெபித்தது. அக்காவும், இருமலை முந்தானையில் அடக்கிக்கொண்டு, எனக்காக அழுதார். எழுந்து நின்றேன். வலி இல்லை. மெய்யாகவே இல்லை. வீடுவரை நடந்தே போனேன். சனிக்கிழமை முழுவதும் மனைவி கேட்காமலே குடத்தைத் தூக்கினேன். அவளே பயந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம். எங்கள் சபையில் சுகம் பெற்றவர் வாயால் சொன்னால் மட்டும் போதாது, செய்து காட்ட வேண்டும். சட்டம் எதுவும் இல்லை, பழக்கம். முட்டி வலி போனவர் மேடைக்கு முன்னால் நாலு எட்டு நடப்பார். தோள் வலி போனவர் கையைத் தூக்கி ஆட்டுவார். காது திறந்துவிட்டது என்ற ஒரு பெரியவருக்குப் பின்னால் போய் பாஸ்டர் ஐயா மெதுவாக "ஸ்தோத்திரம்" என்றார். பெரியவர் திரும்பி "இன்னாது?" என்றார். அதற்கும் கைதட்டினோம். ஏதோ ஒன்று கேட்டிருக்கிறதே!

என் முறை வந்தது. மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் எனக்கு பிரேக் பிடிக்காது. வண்டிக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. வலி போனது என்று சொல்லி இறங்கியிருக்கலாம். அதைச் சொல்லி முடித்தும் கூட்டம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்பார்க்கிறவர்களை ஏமாற்றலாமா? "மாத்திரையெல்லாம் தூக்கி எறிஞ்சிட்டேன்! எறிஞ்ச மாத்திரைய எறும்புகூட தொடல!" என்றேன். அல்லேலூயா கூரைத் தகரத்தில் மோதியது. என் வலி மாத்திரை வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. எறும்பு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதோடு குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டும் காட்டினேன்.

தொட்டேன். தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொண்டது. கத்தியைச் சொருகினாற்போல் ஒரு வலி, கண்ணில் பொறி பறந்தது. நிமிர முடியவில்லை. கூட்டம் பார்க்கிறது. குனிந்தபடியே எவ்வளவு நேரம்தான் கட்டைவிரலைப் பார்ப்பது? மெல்ல முழங்காலைத் தரையில் ஊன்றினேன். அவ்வளவுதான், "பாருங்க, நன்றியால நிறைஞ்சு எழுந்திருக்க முடியல பாருங்க!" என்று பாஸ்டர் ஐயா குரல் தழுதழுக்கச் சொன்னார். சபை மொத்தமும் என்னோடு முழங்காலில் நின்றது. கால் மணி நேரம் ஸ்தோத்திரம். அத்தனை பேர் கண்ணீர்விட்டதில் என் கண்ணீர் எந்த வகை என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே இடுப்புக்கு பெல்ட் வாங்கினேன். அது தெரியாமல் இருக்க இரண்டு அளவு பெரிய சட்டை. தைல வாசனை தெரியாமல் இருக்க அதன்மேல் சென்ட். "ஆண்டவரு தொட்டாரு சரி, அத்தர் கடக்காரனும் தொட்டானா?" என்றாள் மனைவி. கம்பெனியில் கூட வேலை செய்கிறவன், "இன்னா நைனா, சுகமானவன் மாரி தெரியலையே, சுளுக்குனவன் மாரில்ல கீறே?" என்றான். சிரித்து மழுப்பினேன். ஒரு பொய்யைச் சொல்வது சுலபம், அதோடு நிமிர்ந்து நடப்பதுதான் பாடு. யாருக்கு என்ன நஷ்டம், என் இடுப்பு, என் பொய் என்றிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, டீ டம்ளரோடு அக்கா முன்னால் நிற்கிறேன்.

முதலில் பிரசங்கத்தில் இறங்கினேன். "அக்கா, ஆண்டவரு டாக்டர் கையாலயும் சுகம் குடுப்பாருக்கா. மாத்திரையும் அவரு குடுத்ததுதான்."

"அப்போ நீ ஏன் தூக்கி எறிஞ்சே?"

"அது வேறக்கா."

"இன்னா வேற? உன் விசுவாசம் பெருசு, என்னுது சிறுசா? எனுக்கு இப்போ இருமலே இல்ல. நேத்து மூணு இட்லி துன்னேன். ஆஸ்பத்திரி நர்ஸம்மாதான் போன் மேல போன் போட்டுக்கினு கீது, நான் எடுக்கறதே இல்ல." அக்கா குரலைத் தாழ்த்தினார். "பொண்ணுக்குக் கொழந்த பொறந்து நாப்பது நாளாவுது. மாத்திர முடிஞ்சாதான் கையில குடுப்போம்னு சம்மந்தி ஊட்ல சொல்லிட்டாங்க. முடிஞ்சிருச்சுன்னு நேத்து சொல்லிட்டேன். நாளைக்குக் காலம்பற பள்ளிப்பட்டுக்குப் போறேன். தூக்கி மடியில வச்சிக்கப் போறேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன். சபை வாசலிலேயே சட்டையைத் தூக்கினேன்.

அக்கா பார்த்தார். "இன்னா இது?"

"பெல்ட்டுக்கா."

"எப்போலேந்து?"

"சாட்சி சொன்ன அன்னிக்கு சாயங்காலத்துலேந்து."

"மாத்திர?"

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஒரு நாளும் விடல."

"எறிஞ்சேன்னியே? எறும்புகூடத் தொடலன்னியே?"

"பேச்சு ஓட்டத்துல வந்துருச்சுக்கா."

"பேச்சு ஓட்டத்துல," என்று அக்கா மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "அன்னிக்கு ஜெபத்துல வலி போனது? அதுவும் ஓட்டம்தானா?" என்றார்.

"இல்லக்கா. மெய்யாலுமே போச்சு. ரெண்டு நாள் வலியே இல்ல. திரும்பி வந்ததத்தான் சொல்லல."

அக்கா பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தார். "நாளைக்கு அந்தப் பச்ச மண்ணத் தூக்கி முத்தம் குடுத்துருப்பேனேடா," என்றார். என்னை அவர் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. பாஸ்டர் ஐயா உட்பட ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதாவது சும்மா இருந்தேனா? "அக்கா, நான் இன்னா சொல்ல வர்றேன்னா, வேதத்துலயே…" என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடு."

மூடினேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பைபிள் பையிலிருந்து போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினார். "இன்னாம்மா நீ, பதினாலு நாளா போன் பண்றேன், உசுரோட கீறியா இல்லையா? ஏம்மா மாத்திரைக்கு வரல?" என்று நர்ஸம்மா குரல் கேட்டது. அக்கா ஸ்பீக்கரைப் போட்டு, சபை மைக்கை நீட்டுவதுபோல் போனை என் வாய்க்கு நேராக நீட்டினார்.