இருக்கைக்கு அடியில் அடங்கும் ரயில் பாதை

பெங்களூருக்குக் குடிவந்த முதல் நாளே எங்கள் தினசரிக் காலண்டரை ஜன்னல் கம்பியில் சணல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டோம். காற்றடித்தால் அது திரும்பிக்கொண்டு வெள்ளை முதுகைக் காட்டும். நல்ல நேரம் பார்க்க வேண்டுமென்றால் ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். நாங்கள் குடிவந்த ஈஜிபுராவில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதற்கு முன்னாலேயே சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறார்கள். பதினோரு மாத ஒப்பந்தத்தில் அதற்கென்று தனியாக ஒரு வரி உண்டு. ஊரில் எங்கள் வீட்டுச் சுவரில் ஆணி இல்லாத இடத்தைத்தான் தேட வேண்டும். இங்கே ஆறு மாதம் வரை என் சட்டைகள் கதவின் தாழ்ப்பாளில் தொங்கின.

கடல் தாண்டிப் போனவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். எங்கள் ஊரான ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் மூன்று மணி நேரம். காலையில் போய் மாலையில் திரும்பலாம். இதற்குப் பெயர் புலம்பெயர்வா என்று என் தம்பியே கேட்டிருக்கிறான். ஆனால் பயத்துக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது. தொண்ணூற்றொன்றின் கடைசியில், காவிரிக் கலவரத்தின்போது, பெங்களூர் அல்சூரில் இருந்த என் மாமா குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒரு சூட்கேஸ், ஒரு குக்கர், இரண்டு பிள்ளைகள். டிவியை விட்டுவிட்டு குக்கரை ஏன் தூக்கி வந்தார் என்று அத்தை வருஷக்கணக்கில் கேலி செய்தார். எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தபோது மாமா கொடுத்த ஆசீர்வாதம் இதுதான்: “டேய், அந்த ஊர்ல எதை வாங்கினாலும் ஒரு கையில தூக்கற மாதிரி வாங்கு. இன்னொரு கையில புள்ளையப் புடிக்கணும்.”

மாமா திரும்பிப் போய்ப் பார்த்தபோது வீட்டில் ஒரு கரண்டிகூடக் காணாமல் போகவில்லை. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா, மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்து மடித்து வைத்திருந்தாராம். அதையும் மாமா சொல்லத்தான் செய்தார். எனக்கென்னவோ முதல் பாதிதான் மனதில் தங்கியது.

வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் மின்சுற்றுப் பலகைகளை வரைந்து கொடுப்பது என் வேலை. தொண்ணூற்றொன்பதில் உடன் வேலை செய்த ஒருவர் ஜெர்மனிக்குப் போய்த் திரும்பும்போது எனக்கு ஒரு பொம்மை ரயில் செட் வாங்கி வந்தார். கட்டைவிரல் உயரத்தில் ஒரு இன்ஜின், நாலு பெட்டிகள், கொஞ்சம் தண்டவாளம். அதைத் தரையில் வட்டமாக ஓட்டிவிட்டுப் பெட்டியில் வைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. என் புத்தி அப்படிப்பட்டதல்ல. ஜோலார்பேட்டையிலிருந்து குப்பம், பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷன் வரை முழுப் பாதையையும் வீட்டுக் கூடத்தில் அமைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கூடம் பன்னிரண்டு அடி. சுவரோரமாக நீளமாய் ஒரே பலகை போட்டால் அழகாக இருக்கும். ரயில் மாதிரிகள் செய்கிற யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

நான் பலகையை நாலாக அறுத்தேன். ஒவ்வொன்றும் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம். அந்த அளவு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. ஒரு தடவை ஊருக்குப் போகும்போது ரயில் பெட்டியில் மண்டியிட்டு, இருக்கைக்கு அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று இன்ச் டேப்பால் அளந்தேன். எதிர் இருக்கைப் பெரியவர் கால்களைத் தூக்கிக்கொண்டு, “ரயில்வேயா சார்? ஃபேன் சுத்தலை, அதையும் எழுதிக்கோங்க” என்றார். நானும் எழுதிக்கொண்டேன்.

நாலு பலகைகளுக்கு நடுவே மூன்று இணைப்புகள். போல்ட் போட்டு, கையாலேயே திருகும் காதுமறை (விங் நட்) மாட்டியிருந்தேன். பீர்க்கங்காய் நாரில் மரங்கள் வந்தன, வடிகட்டிக் காய வைத்த டீத்தூளில் செம்மண் வந்தது, ஜோலார்பேட்டையின் மலைகூட ஒருவழியாக வந்துவிட்டது. ரயில்தான் வரவில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் தண்டவாளம் அரை மில்லிமீட்டர் விலகி நிற்கும். வாடகை வீட்டுத் தரை சமமில்லை. பலகையின் கால்கள் தினமும் ஒரு மயிரிழை நகரும். காலையில் சரி செய்தால் மாலையில் இன்ஜின் கவிழும். இதற்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி செல்வி மார்க்கெட்டுக்குப் போனதும், எல்லாவற்றையும் கழற்றிக் கட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பேன். ஒருநாள் அவள் பையை மறந்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்துவிட்டாள்.

“நீங்க ரயில் விடறீங்களா, இல்ல ஓடிப்போறதுக்கு ஒத்திகை பாக்கறீங்களா?”

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் என்னை இவ்வளவு சரியாக அவள் எடை போட்டது கிடையாது.

வீட்டுக்காரர் ருத்ரப்பா கீழ்த்தளத்தில் இருந்தார். ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரிடம் ஓட்டைக் கன்னடத்தில் பேசுவேன், அவர் என்னிடம் ஓட்டைத் தமிழில் பேசுவார். இருவருக்கும் அதில் பெருமை. அறுக்கிற சத்தம் கேட்டு ஒருநாள் மேலே வந்தார்.

“ஏனு சார், மேல ஃபேக்டரி போட்டிருக்கீங்களா?”

பார்த்ததும் முகம் மலர்ந்தது. குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, தண்டவாளத்தின் மட்டத்துக்குத் தலையைச் சாய்த்தார். நகத்தை இணைப்பின் மேல் ஓட்டினார். தடுக்கியது. அவருக்கு நிஜமாகவே வலித்துவிட்டது.

“எதுக்கு நாலு துண்டு? ஒரே பலகையா சுவர்ல உக்கார வெச்சிருந்தா ஜம்முனு ஓடுமே.” பிறகு அவராகவே காரணத்தைக் கண்டுபிடித்தார். “அய்யோ, நம்ம ஆணி ரூல்ஸ்னாலயா சார்?”

நான் தலையை ஆட்டினேன். அதைவிடச் சுலபமான பொய் எனக்கு அன்றைக்குக் கிடைத்திருக்காது.

அவர் வெட்கப்பட்டுப் போனார். “பேஜார் பண்ணிக்காதீங்க சார். அது சும்னே, சும்மா எல்லாருக்கும் சொல்றது. நானே ட்ரில் போட்டு பிராக்கெட் மாட்டித் தரேன்.” பெங்களூரில் ஒரு வீட்டுக்காரர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. சந்தோஷப்பட வேண்டியவன், சாக்கு தேட ஆரம்பித்தேன். சுவரில் ஏறிவிட்டால் இறக்க முடியாது. ஆபீசில் வேலை என்றேன், ஊரிலிருந்து ஆள் வருகிறார்கள் என்றேன், கடைசியில் ஆடி போகட்டும் என்றேன். அவர்களுக்கும் ஆஷாடம் உண்டு என்பதால் அதை மட்டும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

அது இரண்டாயிரமாவது வருஷம். ஆடி முடியவில்லை. அதற்குள், கன்னட மக்கள் தெய்வமாக நினைத்த நடிகரைத் தமிழ் பேசுகிற காட்டுக் கொள்ளையன் கடத்திக்கொண்டு போனான் என்ற செய்தி வந்தது. கடைகள் ஷட்டரை இறக்கின, பஸ்கள் நின்றன, எங்கள் அலுவலக வண்டி வரவில்லை. காலை ஒன்பது மணிக்குத் தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. என் கைகள் என்னைக் கேட்கவே இல்லை. காதுமறைகளைத் திருகின, மலையைக் கழற்றின, நாலு பலகைகளையும் போர்வைகளில் சுற்றி முடிச்சுப் போட்டுக் கதவருகே அடுக்கின. பத்தொன்பது நிமிடம். ஒத்திகையில்கூட அவ்வளவு வேகம் வந்ததில்லை.

செல்வி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். “பஸ்ஸே ஓடாத அன்னிக்கு இதைத் தூக்கிட்டு எதுல போவீங்க?” என்றாள்.

ஒரு வருஷமாகத் திட்டம் போட்ட நான் அதை மட்டும் யோசித்திருக்கவில்லை.

அப்போது கதவு தட்டப்பட்டது. நான் நகரவில்லை. “சார், நான்தான், ருத்ரப்பா” என்று குரல் வந்தது. செல்வி எழுந்து போய்த் திறந்தாள்.

ஒரு கையில் ட்ரில் பெட்டி, மறு கையில் இரும்பு பிராக்கெட்டுகள் போட்ட பை. “எங்க ஃபேக்டரியும் இன்னிக்கு லீவு. ஆடி கீடி எல்லாம் பாக்க வேணாம் சார், முடிச்சிரலாம்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர் மூட்டைகளைப் பார்த்தார். முடிச்சுகளைப் பார்த்தார். காலியான சுவரோரத்தைப் பார்த்தார். ஃபிட்டருக்குக் கண் போதும்.

“ரூல்ஸ்னால இல்ல” என்றார் மெதுவாக. பிறகு, “நம்ம வீட்லகூடவா சார்?”

எனக்கு அழுகை வந்தது. அவர் திரும்பிப் போயிருக்கலாம். போயிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். செல்வி கொண்டுவந்த காபியைக் குடித்தார். ரசமட்டம் வைத்துச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, துளையிட ஆரம்பித்தார். செத்த தெருவில் அந்தச் சத்தம் நாலு வீதிக்குக் கேட்டிருக்கும். “சார், சத்தம்...” என்றேன். “நம்ம சுவர். யார் கேக்கறது?” என்றார், என்னைப் பார்க்காமல்.

கண்டோன்மென்ட் ஏறியது. பங்காருபேட்டை ஏறியது. குப்பம் ஏறியது. மூன்றும் சுவரில் இறுகின. நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் தடுக்கவில்லை. நாலாவதான ஜோலார்பேட்டைப் பலகையைத் தூக்கி பிராக்கெட்டின் மேல் வைத்தார். நான் திருகாணிகளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“இது வேணாம் சார். இது உங்க ஊரு. பழைய போல்ட்லயே இருக்கட்டும். எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்.”

கோபமாகச் சொன்னாரா, பரிவாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அதையும் இறுக்கிவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் ட்ரில்லைத் துடைத்து, ஒயரைச் சுற்றி, பெட்டியில் வைத்துப் பூட்டும்வரை எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை. திருகாணிகள் என் உள்ளங்கையில் வியர்த்துக் கிடந்தன.

அவர் படியிறங்கிய பிறகு ரயிலை விட்டேன். கண்டோன்மென்டில் புறப்பட்டு, ஒரு பலகையிலிருந்து இன்னொரு பலகைக்குச் சத்தமே இல்லாமல் தாண்டிப் போனது. ஜோலார்பேட்டை தொடங்கும் இடத்தில் இன்ஜின் தடம் புரண்டு பக்கவாட்டில் சாய்ந்தது. செல்வி திரும்பிப் பார்ப்பதற்குள் அதைக் கையால் எடுத்து ஊருக்குள் வைத்தேன்.