மார்லா மறந்த பூட்டு

அந்த வேலைத்தளத்தில் தொழிற்சங்கத்து ஆட்கள் பழுதுபார்க்க எந்த வண்டியில் கை வைப்பதற்கு முன்னும் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் அவரவர் சொந்தப் பூட்டைப் போடுவார்கள். பூட்டில் பேரும் படமும் இருக்கும். சாவி போட்டவர் பையில் இருக்கும். பூட்டு தொங்கினால் ஆள் இன்னும் வண்டிக்கு அடியில் கிடக்கிறார் என்று அர்த்தம். அந்த வண்டியை நாட்டின் அதிபரே வந்தாலும் நகர்த்த முடியாது.

மார்லா லாஹ்தினென் மூன்று வருஷம் விண்ணப்பம் போட்டுப் போட்டு, முப்பத்தேழு வயதில்தான் அங்கே வெல்டர் அப்ரண்டிஸாகச் சேர்ந்தாள். அதற்கு முன் முதியோர் இல்லத்துச் சமையலறையில் தட்டு கழுவினாள். புரொபேஷன் முடிய இன்னும் சில வாரம் பாக்கி. அதற்குள் அவள் பேரில் ஒரு தப்பு எழுதப்பட்டால் போதும், காரணம்கூடக் கேட்காமல் அனுப்பிவிடுவார்கள். இன்னொரு தடவை சேர்க்கவும் மாட்டார்கள். தட்டு கழுவ மட்டும் திரும்பிப் போவதில்லை என்று அவள் தீர்மானமாக இருந்தாள்.

பொக்லைன் ஓட்டுகிறவர்களுக்கு என்ன, சூடான கேபினில் காபியோடு உட்கார்ந்திருப்பார்கள். மார்லா உறைந்த சேற்றில் மல்லாந்து படுத்து, அவர்கள் தேய்த்துக் கொண்டுவரும் மண் அள்ளும் பக்கெட்டுக்குப் புதுப் பல் வைத்துப் பற்றவைப்பாள். அவர்களில் ஸ்டான் பெருஷெக்குக்கு வாய் அதிகம். "தட்டு கழுவின கைதானே தங்கச்சி, பக்கெட்டையும் பளபளன்னு ஆக்கிரு" என்பார். அவள் பதில் பேச மாட்டாள். புரொபேஷனில் இருப்பவளுக்கு வாய் எதற்கு?

அன்று வேலை முடியும் நேரத்தில் டுலூத் நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவள் அண்ணன் கிர்க் மளிகைக் கடையில் சுருண்டு விழுந்துவிட்டான், மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு இருந்த ஒரே ஆள் அவன்தான். போட்டது போட்டபடி காரை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஸ்டானின் பொக்லைனில் அவள் பூட்டு தொங்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை, குழாய்களுக்கு நடுவே கண் மூடிக் கிடந்த அண்ணனின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது மேஸ்திரி வென்டல் கூப்பிட்டார். அவர் குரல் தாழ்ந்திருந்தது. வேலையே ஆரம்பிக்கவில்லையாம். ஸ்டான் பூட்டைப் பார்த்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியிலும் பக்கெட்டுக்குள்ளும் அவள் பேரைச் சொல்லித் தேடினாராம். இப்போது பூட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யாரையும் கிட்டே விடவில்லையாம்.

"நான் அதை வெட்டிரலாம் மார்லா. ஆனா வெட்டினா எழுதணும். எழுதினா உன் கதை என்ன ஆகும்னு உனக்கே தெரியும். நீயே வந்து தொறந்துட்டா எழுத ஒண்ணுமில்ல. மதியம் வரைக்கும் தாங்கிக்கிறேன். எங்க இருக்க நீ?"

அண்ணன் சாகக் கிடக்கிறான் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. வீட்டுப் பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு வருகிற பொம்பளை என்று ஒரு தடவை பேர் விழுந்தால் விழுந்ததுதான் என்று பயந்தாள். கார் மக்கர் பண்ணுகிறது, வந்துவிடுகிறேன் என்றாள்.

நர்சிடம் போய், சாயங்காலம் வரை தாங்குவாரா என்று கேட்டாள். அதை யாராலும் சொல்ல முடியாது என்றாள் நர்ஸ். சொல்ல முடியாது என்றால் தாங்கலாம் என்றும் அர்த்தம் இல்லையா? மார்லா அந்த அர்த்தத்தையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் காதில், போய்ட்டு ஓடி வந்துடறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ரெண்டு மணி நேரப் பாதை அது. பனிக்கட்டி வேறு படிந்திருந்தது. ஒரு வளைவில் கார் வழுக்கிப் பக்கவாட்டில் போய் நின்றது. மறுபடி கிளப்பினாள். தன்மேல் வந்த ஆத்திரத்தில் வழியெல்லாம் தன்னையே கெட்ட வார்த்தையில் திட்டினாள்.

மதியத்துக்கு முன்பே வந்துவிட்டாள். நிறுத்திய டிப்பர்களிலிருந்து அத்தனை பேரும் பார்க்க, நடந்து போய்ப் பூட்டைத் திறந்தாள். ஸ்டான் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கேபினில் ஏறி வண்டியைக் கிளப்பினார். வென்டல் அடுத்த பக்கெட்டைக் காட்டினார். திரும்பிப் போக வேண்டும் என்று எப்படிச் சொல்வது? கார் கதை சொல்லியாகிவிட்டதே. முகக் கவசத்தை இறக்கிக்கொண்டு பற்றவைக்க உட்கார்ந்தாள்.

கவசத்துக்குள் அழுதால் வெளியே யாருக்கும் தெரியாது. ஆனால் கண்ணில் நீர் நின்றால் உருகும் இரும்பு தெரியாதே. பற்றவைத்த தையல் கோணலாகப் போயிற்று. மேலிருந்து அதைப் பார்த்த ஸ்டான் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். அவள் கவசத்தைத் தன் கையாலேயே தூக்கினார்.

"என்னம்மா ஆச்சு?"

"எங்கண்ணன். டுலூத்துல. நேத்துலேருந்து நெனவில்லாம கெடக்கான்."

ஸ்டான் போட்ட சத்தத்தில் வென்டல் ஓடி வந்தார். விஷயம் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அடிப் பாவி, போன்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நானே அந்தப் பூட்டை வெட்டிக் குளத்துல வீசியிருப்பேன். யார் கேக்கப் போறா, யார் எழுதப் போறா?"

மார்லாவுக்கு அப்போதுதான் அது புரிந்தது. எழுதுகிற பேனா இந்த மனுஷனின் கையில்தான் இருந்தது. கேட்டிருந்தால் போதும். கேட்கத் தோன்றவில்லை. கேட்டுக் கிடைத்த பழக்கம் அவளுக்கு இல்லை.

ஸ்டான் தன் காரிலேயே அவளை அழைத்துப் போனார். காலையில் அவள் வழுக்கிய வளைவை அவர் நிதானமாகக் கடந்தார்.

கிர்க்கின் படுக்கை காலியாக இருந்தது, புது விரிப்பு போட்டிருந்தது. காலையில் பார்த்த அதே நர்ஸ் எதிரே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார், உங்களுக்குப் போன் போட்டோம், போகவில்லை என்றாள். அந்த மலைப் பாதையில் எப்போதும் சிக்னல் கிடைக்காது.

"பேச முடிஞ்சுதா அவனால?" என்று கேட்டாள் மார்லா.

"முடிஞ்சுது. மார்லா எங்கன்னு கேட்டார்" என்றாள் நர்ஸ். "ரெண்டு தடவ கேட்டார்."